கூடத்துக்கு வந்த மேடைக் கருவி

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்ற சிற்றூரில், ஒரு பால்பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடி இசை கேட்டார்கள். வுட்ஸ்டாக் விழா என்று வரலாற்றில் நிலைத்துவிட்ட அந்நிகழ்வுக்கு ஒலியமைப்புச் செய்தவர் பில் ஹான்லி. மேடையில் எழுந்த குரலையும் கித்தாரையும் அத்தனை பெரிய திரளுக்குக் கொண்டுசேர்க்க அவர் நம்பியவை மெக்கின்டாஷ் எம்.சி. 3500 என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள். ஒவ்வொன்றின் திறனும் 350 வாட். ஆனால் மெக்கின்டாஷ் மேடைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனமாக இருந்ததில்லை. 1949-இல் தொடங்கிய நாளிலிருந்து, வீட்டில் அமர்ந்து இசைத்தட்டுக் கேட்கும் வசதி படைத்த ரசிகர்களே அதன் புகழுக்குக் காரணமானவர்கள்.

இதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1967-இல், இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலிருந்து கிரௌன் நிறுவனத்தின் டிசி 300 வெளிவந்தது. ஆய்வகத்திலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வைக்கத்தக்க தொழிற்கருவியின் தோற்றம்தான் அதற்கு. இரும்புச் சட்டகத்தில் திருகிப் பொருத்துவதற்கான காதுகள் அதன் முகப்பின் இரு ஓரங்களிலும் இருந்தன. அந்த ஆம்ப்ளிஃபையர் சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான வீடுகளின் கூடங்களுக்குள் புகுந்துவிட்டது.

வீட்டுக் கருவி மேடை ஏறிய அதே காலத்தில் தொழிற்கருவி வீட்டுக்கு வந்திருக்கிறது. இன்றோ இவ்விரண்டுக்கும் நடுவே கடக்கவியலாத சுவர் ஒன்று இருப்பதாகவே பெரும்பாலான ரசிகர்கள் எண்ணுகிறார்கள். மேடைக்கான ஆம்ப்ளிஃபையரை வீட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால், "அது மைக் செட்டுக்கு உரியது, சங்கீதத்துக்கு ஆகாது" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதிலில் பொறியியல் எவ்வளவு, தீண்டாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் அடங்கியிருப்பது பணக்கணக்கு மட்டுமன்று. நல்ல ஒலியைத் தீர்மானிப்பது காதா, விலைச்சீட்டா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அந்தச் சுவர் எப்போது எழுந்தது, அதில் எந்தக் கல் உண்மையானது என்று இங்கே பார்க்க முனைகிறோம்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறக்கும்போது ஆம்ப்ளிஃபையருக்கு வீடே கிடையாது. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய ஆடியான் என்னும் மூன்று முனை வால்வு மின்குறிப்பைப் பெருக்கக்கூடியது என்பதை உணர்ந்து, அதற்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. நியூயார்க்கில் பேசுகிறவரின் குரல் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேருவதற்குள் கம்பியிலேயே தேய்ந்து மறைந்துவிடும் என்பதுதான் அந்நிறுவனத்தின் கவலை. அக்குரலை வழியில் நிறுத்தி உரமூட்டி அனுப்பும் வேலைக்காகவே ஆடியான் திருத்தி அமைக்கப்பட்டது. 1915 ஜனவரியில் கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த தொலைபேசித் தடம் முறைப்படி திறக்கப்பட்டபோது, ஆம்ப்ளிஃபையர் தன் முதல் பெரிய உத்தியோகத்தில் அமர்ந்தது.

இரண்டாவது உத்தியோகம் கூட்டங்களில். 1921 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போரில் மாண்ட அடையாளம் தெரியாத வீரனின் அடக்கத்தின்போது, அமெரிக்க அதிபர் ஹார்டிங் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் பேசினார். அப்பேச்சு தொலைபேசிக் கம்பிகள் வழியாக நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கூடியிருந்த கூட்டங்களுக்குக் கேட்டது. மூன்றாவது உத்தியோகம் திரையரங்கில். 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும்படத்தின் காலம் தொடங்கியபோது, ஏ.டி. அண்ட் டி.யின் உற்பத்திப் பிரிவான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் கருவிகள் அமெரிக்கக் கொட்டகைகளில் வேகமாகப் பரவின. அவற்றைக் கொட்டகைக்காரர்கள் விலைக்கு வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் கிடைக்கும். நிறுவனத்தின் பொறியாளரே குறித்த காலத்தில் வந்து சோதித்துவிட்டுப் போவார். ஒரு காட்சி தடைபட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவை அக்கொட்டகைகள். ஆகவே பழுதாகாமை என்பதுதான் அக்கருவிகளின் முதல் இலக்கணம்.

அதே 1927-இல், ஆகஸ்ட் 2 அன்று காலை, பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் வேலைக்குப் போகப் படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்குத் தோன்றிய யோசனையைக் கையிலிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பக்கத்திலேயே எழுதி வைத்தார். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால், பெருக்கம் குறையும். ஆனால் கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு திரிபை வெகுவாகக் குறைத்துவிடும். எதிர்ப் பின்னூட்டம் என்னும் இந்த உத்தியில்லாத ஆம்ப்ளிஃபையரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். இதுவும் பிறந்தது தொலைபேசித் தடத்தின் தேவைக்காகவே. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்பும்போது ஒன்றின் திரிபு மற்றொன்றில் கலந்துவிடும் என்பதுதான் பிளாக்கின் சிக்கல். வீட்டில் இசை கேட்பவரை அவர் நினைத்துக்கொண்டிருக்க நியாயமில்லை.

ஆக, பெருக்குதல் என்ற கலையின் அடிப்படைகள் அனைத்தும் தொழிலிடங்களில் உருவானவை. வீடு அவற்றைக் கடன் வாங்கிக்கொண்டது.

*

கடன் வாங்கும் முறையை வெளிப்படையாக்கியவர் டி.டி.என். வில்லியம்சன். பிரிட்டனில் ஒரு வால்வு நிறுவனத்தில் பணியாற்றிய இவர் வடிவமைத்த ஆம்ப்ளிஃபையரின் வரைபடங்கள் 1947-இல் 'வயர்லெஸ் வோர்ல்ட்' இதழில் வெளியாயின. 15 வாட் திறன். நூற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான திரிபு. அதுவரை ஆய்வகத்துக்கே உரியதாயிருந்த துல்லியத்தை, பற்றவைப்புக் கோலைப் பிடிக்கத் தெரிந்த எவரும் சமையலறை மேசைமேல் செய்துகொள்ளலாம் என்ற நிலையை அக்கட்டுரைகள் உண்டாக்கின. போர் முடிந்து உதிரிப் பாகங்கள் மலிந்து கிடந்த காலம் அது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் அதைச் செய்து பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் நடத்திவந்த அக்கௌஸ்டிகல் நிறுவனத்தின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1936-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் ஆரம்பத் தொழில், பொது இடங்களுக்கான ஒலிபெருக்கி அமைப்புகள். நம் ஊர் வழக்கில் சொன்னால் மைக் செட். போருக்குப் பின் வீட்டு ரசிகர்களுக்கென ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்தபோது, அதற்கு அவர்கள் இட்ட பெயர் குவாட். 'வீட்டுக்கான தரமான ஆம்ப்ளிஃபையர்' என்ற பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அப்பெயர். அதன் கடைசி எழுத்துக்குரிய சொல் 'வீட்டுக்குரியது' என்பது. பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்ட அப்படி ஓர் அடைமொழி அந்நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அடைமொழி வேண்டாத பொதுக் கருவி மேடைக்குரியதே. வீட்டுக் கருவி அதன் கிளையாகத்தான் பிறந்தது.

பின்னர் அக்கிளையே வளர்ந்து மரத்துக்குத் திரும்பியது. 1967-இல் குவாட் 303 வெளிவந்த காலத்தில், அதன் தொழில்முறை உடன்பிறப்பான 50ஈ பி.பி.சி. வானொலியின் அறைகளில் இடம்பெற்றது. 1975-இல் வந்த குவாட் 405-ஐ மாற்றியமைத்து, எல்.எஸ். 5/8 என்னும் தன் கண்காணிப்பு ஸ்பீக்கர்களை இயக்க பி.பி.சி. பயன்படுத்தியது. வீட்டில் ஒருவர் கேட்ட நிகழ்ச்சியை நிலையத்தில் சரிபார்த்தவரும் அதே குடும்பத்துக் கருவியில்தான் கேட்டார்.

*

ஜப்பானின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. அமெரிக்கக் கொட்டகைகள் தங்கள் பழைய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகளைக் கழித்துக்கட்டியபோது, அவற்றைத் தேடிப் பிடித்து வாங்கிய ரசிகர்கள் ஜப்பானில் இருந்தார்கள். 1970-களில் அங்கே கப்பலேறிப் போன வால்வுகளும் ஹார்ன்களும் ஏராளம். ஜப்பானில் வாழ்ந்த ழான் ஹிராகா, 1977-இல் பாரிஸில் தொடங்கிய 'லோதியோஃபீல்' இதழ் வழியாக அந்த ரசனையை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். இன்று வீட்டு ஆம்ப்ளிஃபையர் உலகத்தின் அரச வால்வாகக் கொண்டாடப்படும் 300பி, 1930-களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் உருவாக்கியது. கலைஞர்கள் கைவினையாகச் செய்த அபூர்வப் பொருள் என்ற ஒளிவட்டம் இன்று அதைச் சூழ்ந்திருக்கிறது. அந்நாளில் அது ஆண்டுக்கணக்காக ஓயாமல் எரிவதற்கென்று செய்யப்பட்ட தொழிற்சாலைச் சரக்கு.

அக்காலத்துக் கொட்டகை ஆம்ப்ளிஃபையரில் அந்தக் குடும்பத்து வால்வு ஒன்று தந்தது சுமார் 8 வாட். இன்றைய கைபேசி விளம்பரங்களோடு கிடைக்கும் சிறு ஸ்பீக்கர்கூட அதைவிட அதிகமாகச் சொல்லிக்கொள்ளும். ஆனால் அந்த 8 வாட் ஒரு கொட்டகையை நிறைத்தது. காரணம் ஸ்பீக்கரில் இருக்கிறது. கொட்டகை ஹார்ன்கள் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபலுக்கும் மேல் ஒலிக்கக்கூடியவை. கிடைப்பதில் ஒரு துளியும் சிந்தாமல் காற்றுக்குக் கடத்தும் கருவிகள் அவை.

இங்குதான் வீட்டு ஒலியின் வரலாறு ஒரு திருப்பத்தைச் சந்திக்கிறது. ஆள் உயர ஹார்ன் எல்லோர் வீட்டிலும் நுழையாது. 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர். நிறுவனம் கொண்டுவந்த ஸ்பீக்கர், காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, புத்தக அலமாரியில் வைக்கத்தக்க உருவத்தில் ஆழ்ந்த கீழ்ச்சுரங்களைத் தந்தது. அற்புதமான கண்டுபிடிப்பு. ஆனால் இயற்பியல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறு பெட்டியும் ஆழ்ந்த சுரமும் சேர்ந்து வேண்டுமென்றால் உணர்திறனை விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வகை ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு 85 டெசிபலை ஒட்டித்தான் ஒலிக்கும்.

100-க்கும் 85-க்கும் இடையே உள்ள 15 டெசிபல் பார்வைக்குச் சிறு எண். திறனில் அது ஏறக்குறைய 32 மடங்கு. அதாவது கொட்டகை ஹார்ன் 8 வாட்டில் செய்ததைச் சிறுபெட்டி செய்ய 250 வாட் வேண்டும். 1950-களின் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் அதற்கு வழியே இல்லை. ஸ்பீக்கர் சிறுத்தது, ஆம்ப்ளிஃபையர் பெருக்க வேண்டியதாயிற்று. வீடு மறுபடியும் தொழிலிடத்தின் கதவைத் தட்டியது இதனால்தான்.

*

கதவைத் திறந்தது கிரௌன். அதன் நிறுவனர் கிளாரன்ஸ் மூர் ஒரு கிறிஸ்தவ ஊழியர். ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் எச்.சி.ஜே.பி. என்னும் சமய வானொலி நிலையத்தில் பொறியாளராக இருந்தவர். கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரின் மெல்லிய காற்றில், ஒலிபரப்பு ஆன்டெனாவின் முனைகளில் மின்பொறி எழுந்து உலோகத்தை உருக்கியது. முனையே இல்லாத ஆன்டெனாவைச் செய்துவிட்டால் என்ன என்று யோசித்து அவர் உருவாக்கிய சதுர வளைய ஆன்டெனாவை அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஊர் திரும்பி 1947-இல் எல்கார்டில், கோழிக்கூடாக இருந்த ஒரு கட்டடத்தில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று, தொலைதேசங்களில் இருக்கும் ஊழியர்களுக்கு முரட்டுக் கையாளலைத் தாங்கும் ஒலிப்பதிவுக் கருவிகள் செய்வது. பழுது பார்க்க ஆள் கிடைக்காத இடங்களுக்குப் போகும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்ற அனுபவம் அந்நிறுவனத்தின் எலும்பிலேயே இருந்தது.

டிசி 300-இல் அந்த அனுபவம் டிரான்சிஸ்டரைச் சந்தித்தது. ஒரு தடத்துக்கு 150 வாட். வால்வுக் கருவிகளுக்கு இன்றியமையாத வெளியீட்டு மின்மாற்றி இதில் இல்லை. சுற்றுகள் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்ததால் அதிர்வே இல்லாத நேர்மின்சாரத்தைக்கூட அதனால் பெருக்க முடிந்தது. பெயரிலுள்ள 'டிசி' அதைத்தான் குறிக்கிறது. அந்நாளில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் என்றாலே, ஸ்பீக்கர் கம்பிகள் தவறுதலாக ஒன்றையொன்று தொட்டால் புகைந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. டிசி 300 தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சுற்றுகளோடு வந்தது. உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தவித்த வீட்டு ரசிகர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேடை அமைப்பாளர்களும் அதையே வாங்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் பாப் கார்வர் வடிவமைத்த ஃபேஸ் லீனியர் 700, தடத்துக்கு 350 வாட்டோடு இதே இரட்டைவாழ்வை வாழ்ந்தது.

எல்லை முற்றிலும் அழிந்துபோன ஆண்டு என்று 1974-ஐச் சொல்லலாம். அவ்வாண்டு மார்ச்சில் கிரேட்ஃபுல் டெட் குழு சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த கௌ பேலஸில் தன் 'ஒலிச்சுவரை' எழுப்பியது. ஔஸ்லி ஸ்டான்லியும் அவரது கூட்டாளிகளும் உருவாக்கிய அந்த அமைப்பில், ஒவ்வொரு இசைக்கருவிக்கும் பாடகருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர், தனித்தனி ஸ்பீக்கர் அடுக்கு. ஒன்றின் ஒலி மற்றொன்றின் கம்பியில் கலக்காததால் திரிபு குறைந்தது. அச்சுவரை இயக்கியவை 48 மெக்கின்டாஷ் எம்.சி. 2300-கள், தடத்துக்கு 300 வாட். வீட்டின் துல்லியத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுசெல்லும் கனவு என்று அதைக் கூறலாம். சுமந்து சென்று கட்டிப் பிரிக்கும் செலவு தாங்காமல் அவ்வாண்டு அக்டோபரோடு அது முடிந்துபோனது.

அதே 1974-இல் மற்றொன்றும் நடந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களில் வாட் கணக்கு வாய்க்கு வந்தபடி பெருகிக்கொண்டிருந்ததைக் கண்டு, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் திறனை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தது. ஒரு கணம் மட்டுமே தரக்கூடிய உச்சத்தை விளம்பரத்தில் முன்னிறுத்தும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. தொடர்ந்து தரக்கூடிய திறனையே சொல்ல வேண்டும். 2024-இல் அவ்விதி மேலும் இறுக்கப்பட்டது. அரசு தலையிட்டு நேர்மையைக் கற்பிக்க வேண்டியிருந்தது வீட்டுக் கருவிகளின் சந்தைக்கே என்பது சிந்திக்கத்தக்கது. மேடைக் கருவியை வாங்குகிறவர் அதை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர். பொய் வாட் அவரிடம் ஒரே இரவில் அம்பலமாகிவிடும்.

*

அப்படியானால் சுவர் எப்போது எழுந்தது? எண்பதுகள் முதல் இரு துறைகளும் தத்தம் வழியில் போயின. மேடைத் துறைக்குக் குறைந்த எடையில் மேலும் மேலும் திறன் தேவைப்பட்டது. அடுக்கிய சட்டகத்துக்குள் வெப்பம் சேராமலிருக்கக் காற்றாடிகள் வந்தன. வீட்டுத் துறைக்கோ கனமான முகப்பும் அழகான விளக்கும் கதைகளும் தேவைப்பட்டன.

இணைப்பிலும் இரு மொழிகள் நிலைத்துவிட்டன. தொழிற்கருவிகள் ஒரே குறிப்பை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் அனுப்பி, வழியில் தொற்றும் இரைச்சலைக் கழித்துவிடும் சமநிலைத் தடத்தைக் கொண்டவை. எக்ஸ்.எல்.ஆர். செருகியோடு வரும் அம்முறை, பழைய தொலைபேசித் தடத்தின் வாரிசு. வீட்டுக் கருவிகளில் உள்ள ஆர்.சி.ஏ. செருகி, ஒரு பெட்டிக்குள் இருக்கும் இசைத்தட்டுக் கருவியை வானொலியோடு பிணைக்கப் பிறந்த எளிய ஏற்பாடு. குறிப்பின் வலுவிலும் வேறுபாடு உண்டு. தொழில் வழக்கில் 1.23 வோல்ட்; வீட்டு வழக்கில் 0.316 வோல்ட். ஏறத்தாழ நான்கு மடங்கு. வீட்டுக் கருவியை மேடை ஆம்ப்ளிஃபையரோடு நேரடியாக இணைத்து, "உயிரில்லாத ஒலி" என்று கைவிட்டவர்களில் பலர் உண்மையில் கேட்டது இந்த நான்கு மடங்குப் பற்றாக்குறையைத்தான்.

ஒலியின் குணத்தில் வேறுபாடு உண்டா என்பது அடுத்த கேள்வி. 1978-இல் குவாட் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் மோயர் ஒரு சோதனை நடத்தினார். அந்நிறுவனத்தின் மூன்று தலைமுறைக் கருவிகளான 1953-இன் வால்வு குவாட் 2, டிரான்சிஸ்டர் 303, 405 ஆகியவற்றை, எது ஒலிக்கிறது என்று அறிவிக்காமல் தேர்ந்த காதுகளுக்குக் கேட்கவைத்தார். அவர்களால் நம்பத்தக்க அளவில் வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. இதைக் கொண்டு எல்லா ஆம்ப்ளிஃபையர்களும் ஒன்றே என்று முடிவுகட்டுவது பிழையாகும். தன் எல்லைக்குள் இயங்கும் நன்கு செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபையர்களிடையே உள்ள வேறுபாடு, நாம் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதன்று என்றே கொள்ள வேண்டும்.

'எல்லைக்குள்' என்ற சொல்லுக்கு அழுத்தம் தர வேண்டும். வீட்டில் நாம் இயல்பாகக் கேட்கும் சத்தத்துக்குச் சராசரியாக ஒரு வாட் போதும். ஆனால் முழு ஆர்க்கெஸ்ட்ராவின் உச்சம் சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழக்கூடும். அந்தக் கணத்துக்கு வேண்டியது 100 வாட். கொஞ்சம் சத்தம் கூட்டினால், அதாவது 3 டெசிபல் ஏற்றினால், 200 வாட். இருப்பு இல்லாத ஆம்ப்ளிஃபையர் அவ்விடத்தில் அலையின் தலையை வெட்டிவிடும். மேடைக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவருவோரின் வாதத்தில் வலுவான பகுதி இதுவே. அவர்கள் தேடுவது சத்தத்தை அல்ல, எப்போதாவது ஒரு கணம் தேவைப்படும் கையிருப்பை.

*

எனில் சுவரில் உண்மையான கல் ஒன்றுகூட இல்லையா? ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நிசப்தம்.

அரங்கில் ஆயிரம் பேர் மூச்சுவிடுகிறார்கள், இருமுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அங்கே ஆம்ப்ளிஃபையரின் காற்றாடி சுழல்வதை யாரும் கேட்கப்போவதில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு வீணை ஆலாபனையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இரண்டு மீட்டர் தொலைவில் சுழலும் காற்றாடி, பக்கவாத்தியக்காரர் போல உடன் அமர்ந்திருக்கும்.

காற்றாடியை விட நுட்பமானது மின் இரைச்சல். விவரப்பட்டியல்களில் 'இரைச்சல் 100 டெசிபல் கீழே' என்று எழுதியிருக்கும். எதற்குக் கீழே என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் முழுத் திறனுக்குக் கீழே. 500 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் 50 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் அதே 100-ஐச் சொன்னால், முதலாவதன் இரைச்சல் இரண்டாவதைவிடப் பத்து மடங்குத் திறன் கொண்டது. ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 500 வாட் கருவியின் இரைச்சல் ஒரு மீட்டரில் 17 டெசிபலாக இருக்கும். அமைதியான இரவு அறையின் இயல்பான ஓசையே 25, 30 டெசிபல் இருக்குமாதலால் அது அமிழ்ந்துபோகும். அதே ஆம்ப்ளிஃபையரை 105 டெசிபல் தரும் பழைய கொட்டகை ஹார்னோடு இணைத்தால் இரைச்சல் 32 டெசிபல் ஆகிவிடும். இப்போது அது பாட்டுக்கு நடுவே உஸ்ஸென்று கேட்கும். ஒரே கருவி ஒரு வீட்டில் ஊமையாகவும் இன்னொரு வீட்டில் நச்சரிப்பாகவும் இருப்பதன் சூட்சுமம் இதுதான். மேடைக் கருவியைப் பற்றி ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் தூற்றுவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

நிலமின் சுழற்சியால் எழும் ரீங்காரம் மற்றொன்று. இரு கருவிகள் வெவ்வேறு வழிகளில் மின்தரையைத் தொடும்போது, நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு சுரப்பெட்டிச் சுருதிபோல அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சமநிலைத் தடத்தை முழுமையாகப் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் மறையும். நடுவில் ஒரு மின்மாற்றியை வைத்தும் தடுக்கலாம். மின்தரைக் கம்பியைத் துண்டித்துவிட்டு ரீங்காரத்தை விரட்டுவது மட்டும் உயிருக்கு ஆபத்தான வைத்தியம்.

இவற்றில் எதுவுமே இசையின் குணத்தைப் பற்றிய குறை இல்லை என்பதைக் கவனிக்கலாம். எல்லாம் இசை இல்லாத இடங்களைப் பற்றியவை. மேடைக்குச் செய்தவர் மௌனத்துக்குக் கூலி வாங்கவில்லை. ஆகவே அதில் செலவழிக்கவுமில்லை.

*

கடந்த கால்நூற்றாண்டில் இந்தக் கல்லும் தளர்ந்துவிட்டது. 1964-இலேயே கிளைவ் சின்கிளேர் எக்ஸ் 10 என்ற பெயரில் விற்க முயன்று தோற்ற ஓர் எண்ணம், 1999-இல் டென்மார்க்கில் பேங் அண்ட் ஒலுஃப்சன் நிறுவனத்தின் துணையோடு பிறந்த ஐஸ்பவர் போன்ற முயற்சிகளால் நிலைபெற்றது. டிரான்சிஸ்டரை இடைநிலையில் நிறுத்திச் சூடாக்காமல், நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் முறை அது. வெப்பம் குறைந்ததால் காற்றாடியின் வேலை குறைந்தது. இரும்பு மின்மாற்றியின் சுமையும் போயிற்று. இன்று ஒரே வகைச் சுற்றுப்பலகை மேடைக் கருவியின் உள்ளேயும், பளபளக்கும் அலுமினிய முகப்பிட்ட வீட்டுக் கருவியின் உள்ளேயும் இருக்கக்கூடும். உரிமையாளர்களிலும் அதே கதை. கிரௌனை 2000-இல் ஹார்மன் வாங்கியது. ஹார்மனை 2017-இல் சாம்சங் வாங்கியது. மேடைக்கு கிரௌனும் வீட்டுச் சீமான்களுக்கு மார்க் லெவின்சனும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெயர்கள்.

எனவே மேடை ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணுகிறவர் "இது சங்கீதத்துக்கு ஆகுமா" என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. தொலைபேசித் தடமும் கொட்டகையும் ஒலிபரப்பு நிலையமும் நூறாண்டுகளாக அதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. கேட்க வேண்டியவை எளியவை. தம் ஸ்பீக்கரின் உணர்திறன் எவ்வளவு? குறிப்பின் வலு பொருந்துமா? காற்றாடி எப்போது சுழலத் தொடங்கும்? பாட்டு நின்ற பிறகு அறையில் என்ன கேட்கும்? கடைசிக் கேள்விக்குக் கடையில் விடை கிடைக்காது. இரவில், வீட்டில், ஒலியளவைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துத்தான் அறிய வேண்டும்.

அந்தச் சோதனையில் தேறும் கருவி, முகப்பில் கீறலும் ஓரங்களில் திருகுத் துளையும் உள்ளதாயிருந்தாலும், கூடத்தில் இருக்க முழு உரிமை பெற்றதே. பீட்டர் வாக்கர் தம் கருவியின் பெயரில் சேர்த்த 'வீட்டுக்குரியது' என்ற சொல் அது வைக்கப்படும் இடத்தைத்தான் சுட்டியது. அதை ஒரு குலப்பெயராக மாற்றிக்கொண்டவர்கள் பின்னால் வந்த விற்பனையாளர்களும் அவர்களை நம்பிய நாமும்.